ஜார் ஆட்சி எப்படி விழுந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரஷ்யப் புரட்சி என்று ஆரம்பித்தாலே பேச்சு லெனின், ஸ்டாலின், செங்கொடி என்று அந்தப் பக்கம் போய்விடும். அதற்கு முன்னால் 304 ஆண்டுகள் ஆண்ட ஜார் மன்னர்களின் ரொமானோவ் வம்சம் 1917 மார்ச்சில் ஒன்பதே நாளில் இல்லாமல் போன கதையை அவசரமாகத் தாண்டிவிடுவோம். அதைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளும் பதில்களும் இங்கே. தேதிகள் எல்லாம் இன்று நாம் பயன்படுத்தும் நாள்காட்டிப்படி.

பாரதியார் பாடிய ஜார் இவர்தானா?

இவரேதான், இரண்டாம் நிக்கோலஸ். புதுச்சேரியில் இருந்த காலத்தில் ரஷ்யாவிலிருந்து வந்த செய்தியை வைத்துப் பாரதி எழுதிய பாட்டு ‘புதிய ருஷியா’. ஜார் விழுந்ததை அதில் இமயமலை விழுந்ததற்கு ஒப்பிடுகிறார். பாட்டுக்கு அது பொருத்தம்தான். ஆனால் ஜார் முடி துறந்த இடத்தில் அப்படி ஒரு சத்தமும் கேட்கவில்லை. ப்ஸ்கோவ் என்ற ஊரின் ரயில் நிலையம், நின்றுகொண்டிருந்த ரயில் பெட்டி, தட்டச்சு செய்த ஒரு தாள், அதில் பென்சிலால் போட்ட கையெழுத்து. அவருக்காக அங்கே யாரும் துப்பாக்கியைத் தூக்கவில்லை. அந்த ரயிலுக்குப் பின்னால் வருகிறேன்.

ஜாரை வீழ்த்தியது லெனின்தானே?

இல்லை. ஜார் முடி துறந்தபோது லெனின் சுவிட்சர்லாந்தில், ஜூரிக் நகரில் வாடகை அறையில் இருந்தார். அந்த ஆண்டு ஜனவரியில் இளைஞர்கள் கூட்டத்தில் பேசும்போது, வரப்போகும் புரட்சியின் இறுதிப் போர்களைப் பார்க்க எங்கள் தலைமுறை கிழவர்கள் இருப்போமோ என்னவோ என்றுகூடச் சொன்னார். ஜார் போய் ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 16 அன்றுதான் தலைநகர் பெட்ரோகிராடு (பீட்டர்ஸ்பர்க்கின் அன்றைய பெயர்) வந்து சேர்ந்தார். நவம்பர் 7 அன்று அவருடைய கட்சி கவிழ்த்தது ஜாரை அல்ல, ஜாருக்குப் பிறகு வந்த இடைக்கால அரசை.

மார்ச்சில் நடந்ததற்கு ஏன் பிப்ரவரிப் புரட்சி என்று பெயர்?

ரஷ்யா அப்போது பழைய ஜூலியன் நாள்காட்டியைப் பின்பற்றியது. 20-ஆம் நூற்றாண்டில் அது நம் நாள்காட்டிக்கு 13 நாள் பின்தங்கியிருந்தது. நமக்கு மார்ச் 8 என்றால் அவர்களுக்கு பிப்ரவரி 23. நவம்பரில் நடந்தது ‘அக்டோபர் புரட்சி’ ஆனதும் இதனால்தான்.

நிக்கோலஸ் இந்தியாவுக்கு வந்தாராமே?

வந்தார். பட்டத்து இளவரசராக இருந்தபோது, 1890-91இல் கப்பலில் கிழக்கு நாடுகளைச் சுற்றினார். இந்தியாவும் இலங்கையும் அந்தப் பயணத்தில் அடக்கம். ஜப்பானில் ஓட்சு என்ற ஊரில் பாதுகாப்புக்கு நிறுத்தியிருந்த போலீஸ்காரரே வாளை உருவி அவர் தலையில் வெட்டினார். உடன் வந்த கிரேக்க இளவரசர் கைத்தடியால் தடுத்ததால் உயிர் பிழைத்தார். அன்று ரத்தம் படிந்த சட்டையைப் பத்திரமாக எடுத்து வைத்தார்கள். அந்தச் சட்டைக்கு இந்தக் கதையில் இன்னொரு வேலை இருக்கிறது.

அவர் கொடுங்கோலரா, அப்பாவியா?

இரண்டு பெயரும் சரியாகப் பொருந்தவில்லை. நேரில் பேசியவர்கள் பலரும் அவரைக் கூச்ச சுபாவமுள்ள, மரியாதை தெரிந்த மனிதர் என்றே எழுதியிருக்கிறார்கள். தனிச் செயலாளர் வைத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு பெரிய சாம்ராஜ்யத்தின் அதிபதி, கடித உறைகளைத் தானே ஒட்டி முத்திரை வைப்பார்.

பலவீனமானவர் என்று வழக்கமாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஒரு விஷயத்தில் அவர் கடைசிவரை அசையவே இல்லை: ஆட்சி அதிகாரம் கடவுள் கொடுத்தது, அதைக் குறைக்காமல் மகன் கையில் ஒப்படைக்க வேண்டும். 1897 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தொழில் என்ற இடத்தில் ‘ரஷ்ய மண்ணின் எஜமானர்’ என்று எழுதினார். வேடிக்கைக்காக எழுதவில்லை.

இந்தப் பிடிவாதம் வந்த வழியும் தெரிகிறது. தாத்தா இரண்டாம் அலெக்சாண்டர் 1861இல் பண்ணையடிமை முறையை ஒழித்தவர். 1881இல், மக்கள் பிரதிநிதிகளிடம் கொஞ்சம் ஆலோசனை கேட்கலாம் என்ற திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்த அதே நாளில், வெடிகுண்டு வீசிக் கொன்றார்கள். கால் சிதைந்து கிடந்த தாத்தாவின் படுக்கையருகே நின்றவர்களில் 12 வயது நிக்கோலஸும் ஒருவர். அப்பா மூன்றாம் அலெக்சாண்டர் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், பிடியை இறுக்கு என்பது. 1894இல் அவர் 49 வயதிலேயே இறந்தார். அரச வேலை எதையும் சரியாகக் கற்றுக்கொள்ளாத 26 வயதுப் பையன் தலையில் கிரீடம் வந்து உட்கார்ந்தது.

முடிசூட்டு விழாவில் நடந்த நெரிசல் என்ன?

1896 மே மாதம், மாஸ்கோவுக்கு வெளியே கொடின்கா மைதானம். மக்களுக்குப் பரிசுப் பொட்டலம் என்று அறிவித்திருந்தார்கள்: அரச முத்திரை போட்ட எனாமல் குவளை, ரொட்டி, சாசேஜ், இனிப்பு ரொட்டி. விடியும் முன்பே லட்சக்கணக்கில் கூட்டம். பரிசு போதாது என்று வதந்தி கிளம்பியது. ராணுவப் பயிற்சிக்காக வெட்டிய பள்ளங்கள் நிறைந்த மைதானம் அது. அரசுக் கணக்குப்படியே 1,389 பேர் மிதிபட்டு இறந்தார்கள்.

அன்றிரவு பிரெஞ்சுத் தூதர் கொடுத்த நடன விருந்துக்கு ஜார் போனார். அவருக்குப் போக மனமில்லை, உறவினர்கள்தான் வற்புறுத்தினார்கள் என்கிறார்கள். இருக்கலாம். மறுநாள் மருத்துவமனைகளுக்குப் போய் அடிபட்டவர்களைப் பார்த்தார், நிவாரணமும் கொடுத்தார். ஊர் பேசியது விருந்தைப் பற்றித்தான்.

‘ரத்த ஞாயிறு’ ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசப்படுகிறது?

1905 ஜனவரி 22. கபோன் என்ற பாதிரியார் தலைமையில் தொழிலாளர் குடும்பங்கள் பீட்டர்ஸ்பர்க் குளிர்கால அரண்மனைக்கு மனு கொடுக்கப் போனார்கள். கையில் சாமி படங்கள், ஜாரின் படங்கள். சிலர் அரச வாழ்த்துப் பாட்டையே பாடினார்கள். ஜார் அரண்மனையில் இல்லை. முதல் நாளே அவருக்கு விஷயம் தெரியும், ஆனாலும் ஊருக்கு வெளியே ஜார்ஸ்கோயே செலோ மாளிகையிலேயே இருந்துவிட்டார். சிப்பாய்கள் சுட்டார்கள். அரசு சொன்ன சாவுக் கணக்கே 130 அளவில் வரும்.

அன்றைய நாட்குறிப்பில் ஜார் இதைக் கொடுமையான நாள் என்று எழுதி வருந்துகிறார். அப்புறம் அம்மா ஊரிலிருந்து வந்தது, எல்லோருடனும் மதிய உணவு, தம்பி மிஷாவுடன் நடைபயிற்சி. அதுவரை நாட்டுப்புற ரஷ்யர்கள் நம்பியது: ஜார் நல்லவர், அவரைச் சுற்றி உள்ளவர்கள்தான் கெட்டவர்கள். அன்று மனுவோடு வந்து சூடு வாங்கித் திரும்பியவர்களிடம் அந்த நம்பிக்கை மிஞ்சவில்லை. அதே ஆண்டு மே மாதம் சுஷிமாவில் ஜப்பான் கடற்படை ரஷ்யக் கடற்படையை மூழ்கடித்தது. அக்டோபரில் நாடே வேலைநிறுத்தத்தில் முடங்கியது.

நாடாளுமன்றம் கொடுத்துவிட்டாரே, பிறகு என்ன?

கொடுத்த கையாலேயே பிடுங்கிக்கொண்டார். வேறு வழியில்லாமல் அக்டோபர் 30 அறிக்கையில் சிவில் உரிமைகளும், டூமா என்ற தேர்தல் அவையும் தருவதாக வாக்களித்தார். ஆறு மாதம் கழித்து வந்த அடிப்படைச் சட்டத்தில் ‘உயர்ந்த எதேச்சதிகாரம்’ ஜாருக்கே என்று மறுபடி எழுதிக்கொண்டார். முதல் டூமா பத்து வாரம் கொஞ்சம் தாண்டியதும் கலைக்கப்பட்டது. இரண்டாவதும் நிலைக்கவில்லை. மூன்றாவதற்கு முன்னால், பண்ணையார்கள் கை ஓங்கும்படி தேர்தல் விதியையே மாற்றினார்கள்.

பிரதமர் ஸ்டாலிபின் விவசாயிகளுக்குச் சொந்த நிலம் கிடைக்க வழி செய்தார், கிளர்ச்சிக்காரர்களைத் தூக்கிலும் போட்டார். தூக்குக் கயிற்றுக்கே ‘ஸ்டாலிபின் கழுத்துப்பட்டை’ என்று பெயர் வந்தது. 1911இல் கீவ் நகர ஓபரா அரங்கில், ஜாரின் கண்ணெதிரே, அவரைச் சுட்டார்கள். அந்த அளவுக்குத் திறமையான பிரதமர் அதன் பிறகு ஜாருக்கு அமையவில்லை.

எல்லாவற்றுக்கும் ரஸ்புடின்தான் காரணமா?

சைபீரியாவிலிருந்து வந்த விவசாயி, சாமியார் போல அரண்மனைக்குள் நுழைந்தவர்; கதை சொல்ல வசதியான ஆள். அதனால் அவர் பங்கு எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லப்படுகிறது.

ஒரே மகன் அலெக்ஸி 1904இல் பிறந்தான். அவனுக்கு ஹீமோஃபீலியா, ரத்தம் உறையாத நோய். ஜாரின் மனைவி அலெக்சாந்திரா இங்கிலாந்தின் விக்டோரியா ராணிக்கு மகள் வழிப் பேத்தி, நோய் அந்த வழியில் வந்தது. டாக்டர்கள் கையை விரித்த நேரங்களில் ரஸ்புடினின் பேச்சில் பையன் அமைதியானான். 1912இல் பிள்ளை சாகக் கிடந்தபோது சைபீரியாவிலிருந்து அவர் அனுப்பிய தந்திக்குப் பிறகு தேறினான். ஒரு தாய் அதற்கு மேல் என்ன சாட்சி கேட்பாள்?

நோயை அரச ரகசியமாக வைத்ததுதான் வினையாகப் போனது. குடித்துவிட்டுக் கூத்தடிக்கும் ஒரு விவசாயி அரண்மனைக்குள் ஏன் போய் வருகிறான் என்று மக்களுக்குக் காரணம் தெரியாது. தெரியாத இடத்தை அசிங்கமான கதைகள் நிரப்பின. மகாராணி ஜெர்மனியில் பிறந்தவர், நடப்பதோ ஜெர்மனியோடு போர். கேட்கவா வேண்டும்! 1916 டிசம்பர் 30 விடியற்காலையில் இளவரசர் யூசுபோவும் அவர் கூட்டாளிகளும் ரஸ்புடினைக் கொன்றார்கள். விஷம் வேலை செய்யவில்லை, சுட்டும் எழுந்து வந்தார் என்பதெல்லாம் கொன்றவர்கள் பின்னாளில் எழுதியது. முடியாட்சியைக் காப்பாற்றத்தான் அவரைக் கொன்றதாகச் சொன்னார்கள். பதினொரு வாரத்துக்குள் முடியாட்சியே போய்விட்டது.

முதல் உலகப்போரில் ஜார் செய்த பெரிய தவறு எது?

1915இல் தானே படைத் தலைமையை ஏற்றது. அந்த ஆண்டு போலந்து முழுவதும் கைவிட்டுப் போயிருந்தது. தலைமைத் தளபதியாக இருந்தவர் நிக்கோலாய் நிக்கோலாயெவிச், ஜாருக்குச் சித்தப்பா முறை. அவரை நீக்கிவிட்டு ஜாரே மொகிலேவ் தலைமையகத்துக்குப் போனார். வேண்டாம் என்று எட்டு அமைச்சர்கள் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தும் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு தோல்வியும் நேராக அவர் பெயரில் விழுந்தது. தலைநகரம் சுமார் 700 கிலோமீட்டர் தள்ளி, மனைவியின் யோசனைப்படி நடந்தது. 1916 ஜனவரிக்கும் 1917 ஜனவரிக்கும் இடையில் பிரதமர் நாற்காலியில் நான்கு பேர் மாறினார்கள். கடைசியாக வந்த கோலித்சின், தனக்கு இந்தத் தகுதி இல்லை என்று ஜாரிடமே கெஞ்சிப் பார்த்தார். பலிக்கவில்லை.

தப்பிக்க வழியும் அதே 1915இல்தான் வந்தது. டூமாவின் பெரும்பான்மைக் கட்சிகள் கூட்டணி சேர்ந்து, நாட்டின் நம்பிக்கையைப் பெற்ற அமைச்சரவை வேண்டும் என்று கேட்டன. அமைச்சர்களை நியமிக்கும் உரிமையைக்கூட ஜாரிடமிருந்து கேட்கவில்லை. ஒத்துக்கொண்டிருந்தால் பழியைப் பங்கு போட ஆள் கிடைத்திருக்கும். ஜார் டூமா கூட்டத்தையே ஒத்திவைத்தார். அவர் தலையெழுத்தை மாற்றியிருக்கக்கூடிய கடைசி வாய்ப்பு அது என்பது என் கணிப்பு.

கடைசி நாட்களில் பெட்ரோகிராடில் என்ன நடந்தது?

பீட்டர்ஸ்பர்க் என்பது ஜெர்மன் வாடை அடிக்கிறது என்று 1914இல் ஊர்ப் பெயரைப் பெட்ரோகிராடு என்று மாற்றியிருந்தார்கள். நாட்டில் தானியம் இருந்தது. தலைநகருக்குக் கொண்டுவர ரயில்கள் போதவில்லை. கடும் குளிரில் ரொட்டிக் கடை வாசலில் மணிக்கணக்கில் வரிசை. மார்ச் 8, பெண்கள் தினம். வைபோர்க் பகுதி நெசவாலைப் பெண்கள் வேலையை விட்டு வெளியே வந்து, பக்கத்து ஆலை ஆண்களையும் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் ஊரே வேலைநிறுத்தம். கூட்டத்தைக் கலைக்க வந்த கொசாக் குதிரை வீரர்கள் சவுக்கை எடுக்கவில்லை.

மொகிலேவில் இருந்த ஜார், நாளைக்கே கலவரத்தை அடக்கு என்று தளபதி கபாலோவுக்குத் தந்தி அனுப்பினார். 11-ஆம் தேதி துருப்புகள் சுட்டன, பலர் செத்தார்கள். நிலைமை மோசம் என்று டூமா தலைவர் ரொட்ஸியான்கோ தந்தி கொடுத்தார். அந்தத் தடியன் மறுபடி ஏதோ உளறுகிறான், பதிலே போடப் போவதில்லை என்று ஜார் சொன்னாராம். அன்று மாலை டாமினோ ஆடியதை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

11-ஆம் தேதி சுட்டவர்களில் வோலின்ஸ்கி படைப்பிரிவும் உண்டு. மறுநாள் காலை அதே சிப்பாய்கள் இனிச் சுட மாட்டோம் என்றார்கள். அவர்களுடைய கேப்டன் சுடப்பட்டு விழுந்தார். துப்பாக்கியோடு தெருவுக்கு வந்து அடுத்தடுத்த படைமுகாம்களுக்குப் போனார்கள். இரவுக்குள் தலைநகரம் ஜார் கையில் இல்லை. டூமாவின் தற்காலிகக் குழுவும், தொழிலாளர்-சிப்பாய் பிரதிநிதிகளின் சோவியத் என்ற அவையும் ஒரே மாளிகையின் இரண்டு பக்கங்களில் உட்கார்ந்திருந்தன.

அந்த ரயிலில் என்னதான் நடந்தது?

மார்ச் 13 அதிகாலை ஜார் மொகிலேவிலிருந்து கிளம்பினார். பிள்ளைகளுக்குத் தட்டம்மை என்று தெரிந்திருந்தது, வீட்டுக்குப் போகும் அவசரம். கலகத்தை அடக்கப் போகும் படைகளுக்கு நேர்வழியை விட்டுவிட்டு இவருடைய ரயில் சுற்று வழியில் போனது. நள்ளிரவு தாண்டி மாலயா விஷேரா நிலையத்தில், முன்னால் உள்ள பாதை கலகக்காரர்கள் கையில் என்று தகவல் வந்தது. தலைநகருக்கு இன்னும் 160 கிலோமீட்டர்தான். ரயிலைத் திருப்பினார்கள். ஒரு நாள் முழுக்கப் பனிக்குள் தண்டவாளம் தண்டவாளமாக அலைந்தது. வழியில் ஒரு நிலையத்தின் பெயர் ‘த்னோ’. ரஷ்ய மொழியில் அதற்கு ‘அடிமட்டம்’ என்று பொருள். கதையில் எழுதினால் நம்ப மாட்டார்கள்.

14-ஆம் தேதி மாலை ப்ஸ்கோவ். அங்கே வடக்குப் போர்முனைத் தளபதி ரூஸ்கி இருந்தார். டூமாவுக்குப் பொறுப்பான அமைச்சரவை தருவதாக அந்த இரவில் ஜாரை ஒத்துக்கொள்ள வைத்தார். இருபது ஆண்டுகளாக மறுத்ததை ஒரு ராத்திரியில் கொடுத்தார். காலையில் ரொட்ஸியான்கோ தந்திக் கருவி வழியாகச் சொன்ன பதில்: காலம் கடந்துவிட்டது, இப்போது கேட்பது முடி துறப்பு.

படைத் தலைமை அதிகாரி அலெக்ஸேயெவ் எல்லாப் போர்முனைத் தளபதிகளுக்கும் தந்தி அனுப்பிக் கருத்துக் கேட்டார். சில மணி நேரத்தில் பதில்கள் வந்தன. எல்லோரும் ஒரே குரலில், விலகுவதே நல்லது. ஜார் நீக்கிய சித்தப்பாவும் காக்கஸஸிலிருந்து மண்டியிட்டு வேண்டுவதாக எழுதியிருந்தார். தெருவில் ரொட்டி கேட்டவர்களை ஜார் பொருட்படுத்தவே இல்லை, டூமாவை மதிக்கவும் இல்லை. தன் தளபதிகளின் தந்திகளைப் படித்ததும் எழுந்து ஜன்னல் பக்கம் போனார், பிறகு சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

முதலில் மகனுக்கு விட்டுக்கொடுப்பதாகத்தான் பேச்சு. பிற்பகலில் டாக்டர் ஃபியோதரவைத் தனியே கூப்பிட்டு, பையனின் நோய் குணமாகுமா என்று கேட்டார். ஆகாது என்றார் டாக்டர். இரவு டூமா பக்கத்திலிருந்து குச்கோவும் ஷுல்கினும் வந்தபோது, மகனைப் பிரிய முடியாது, அரியணை தம்பி மிகாயிலுக்கு என்று சொல்லிவிட்டார். கையெழுத்து விழுந்தது நள்ளிரவு நெருங்கும் நேரத்தில். வந்தவர்களின் நெருக்கடியில் போட்டதாகத் தெரியக் கூடாதே என்று ஆவணத்தில் பிற்பகல் 3.05 என்று நேரம் குறித்தார்கள். அன்றிரவு நாட்குறிப்பில் எழுதினார்: சுற்றிலும் துரோகம், கோழைத்தனம், வஞ்சகம்.

அப்படியானால் கடைசி ஜார் மிகாயிலா?

சட்டம் படித்தவர்கள் இன்னும் சண்டை போடும் கேள்வி. வாரிசுரிமைச் சட்டப்படி அப்பா தனக்காக விலகலாமா என்பதே சந்தேகம், மகனுடைய உரிமையையும் சேர்த்து விடுவதற்கு இடமே இல்லை.

முன்பு ஜாருடன் நடைபயிற்சி போன மிஷாதான் இந்த மிகாயில். யாரும் அவரைக் கேட்கவில்லை. மார்ச் 16 அன்று பெட்ரோகிராடில் ஒரு நண்பர் குடும்பத்தின் வீட்டில் அரசியல்வாதிகள் வந்து சூழ்ந்தார்கள். ஏற்றால் உயிருக்குப் பொறுப்பில்லை என்றார்கள் பெரும்பாலோர். அரசியல் நிர்ணய சபை கேட்டுக்கொண்டால் மட்டுமே ஏற்பேன் என்று ஓர் அறிக்கை எழுதி வாங்கினார்கள். வீட்டுப் பிள்ளைகளின் படிப்பறையில் உட்கார்ந்து அதை எழுதினார்கள். ரொமானோவ் ஆட்சியின் கடைசிக் காகிதம் அதுதான். ரஷ்யா முறைப்படி குடியரசு ஆனது செப்டம்பரில்.

இங்கிலாந்து ஏன் அடைக்கலம் தரவில்லை?

முதலில் சரி என்றார்கள். பிறகு பின்வாங்கியது மன்னர் ஐந்தாம் ஜார்ஜ். இவர் நிக்கோலஸுக்குப் பெரியம்மா மகன், முகச்சாயலில் இரட்டையர் மாதிரி இருப்பார்கள். ஜாரை அழைத்தால் தன் ஊர்த் தொழிலாளர்கள் தனக்கு எதிராகத் திரும்புவார்களோ என்ற பயம். காவலில் இருந்த ஜார் குடும்பம் ஆகஸ்டில் சைபீரியாவின் தொபோல்ஸ்க் போனது, அடுத்த வசந்தத்தில் யெகத்தரின்பர்க்.

கொலை எப்படி நடந்தது? அனஸ்தாசியா தப்பினாரா?

1918 ஜூலை 17, நள்ளிரவு தாண்டி, இபாத்யெவ் என்பவரின் வீட்டு நிலவறையில். ஊரில் சண்டை வரலாம், கீழே வாருங்கள் என்று லெனின் கட்சிக் காவலர்கள் எழுப்பினார்கள். ஜார், மனைவி, நான்கு மகள்கள், மகன், டாக்டர் போத்கின், வேலைக்காரர்கள் மூவர், ஆக 11 பேர். மகள்கள் உள்ளாடையில் வைரங்களைத் தைத்து வைத்திருந்ததால் குண்டுகள் தெறித்தன, சாவு இழுத்துக்கொண்டே போனது. இதற்கு ஐந்து வாரம் முன்பே மிகாயிலை பெர்ம் நகரில் கொன்றுவிட்டார்கள்.

அனஸ்தாசியா தப்பவில்லை. தானே அனஸ்தாசியா என்று பல ஆண்டு சொன்ன அன்னா ஆண்டர்சன் ரொமானோவ் குடும்பத்தவர் அல்ல என்று டிஎன்ஏ சோதனை காட்டியது. 1991இல் ஒன்பது பேரின் எலும்புகளும், 2007இல் மீதி இரண்டு பிள்ளைகளின் எலும்புகளும் தோண்டி எடுக்கப்பட்டன. ஜாரை உறுதிப்படுத்த உதவியவற்றில் ஒன்று, ஓட்சுவில் ரத்தம் படிந்த அந்தச் சட்டை.

ஜாரின் அம்மா என்ன ஆனார்?

மரியா ஃபியோதரொவ்னா கிரிமியாவில் இருந்தார். 1919இல் பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறி வெளியேறி, கடைசியில் பிறந்த நாடான டென்மார்க்குக்கே போய்ச் சேர்ந்தார். மகனும் பேரப்பிள்ளைகளும் இறந்ததை அவர் ஏற்கவே இல்லை. 1928இல் இறந்தார். 2006இல் அவர் பெட்டியை டென்மார்க்கிலிருந்து பீட்டர்ஸ்பர்க் கொண்டுவந்து, பீட்டர்-பால் தேவாலயத்தில் கணவர் பக்கத்தில் வைத்தார்கள். மகன் எட்டு ஆண்டு முன்னதாகவே அதே தேவாலயத்துக்கு வந்துவிட்டார்.